கலைத்த படம் ஜேபெக் ஆனபின் பிரித்தால் புள்ளி புள்ளியாக வருகிறது, ஏன்?

பிக்சல்பித்தன்:
512×512 வண்ணப் படங்களை அர்னால்டு கேட் மேப்பில் (ஒரே சூத்திரத்தால் பிக்சல்களைத் திரும்பத் திரும்ப இடம் மாற்றும் முறை; இந்த அளவுக்கு 384 சுற்றில் பழைய படம் திரும்பும்) 40 சுற்று கலைத்து ஒரு ஆல்பம் தளத்தில் ஏற்றுகிறேன். இறக்கியபின் மீதி 344 சுற்று ஓட்டினால் உருவம் வருகிறது, ஆனால் மணல் தூவியதுபோல் வண்ணப் புள்ளிகள். தளத்தில் ஏற்றாமல் கணினியிலேயே பிரித்தால் அச்சு அசலாக இருக்கிறது. தளம் பிஎன்ஜியை ஜேபெக்காக மாற்றுவது தெரியும். தரத்தைக் கூட்டி அனுப்பினால் சரியாகுமா? பாதுகாப்புக்கு இது போதுமா? வீடியோவுக்கும் இதே வழி சரிப்படுமா?

எட்டுக்கெட்டு:
தரத்தைக் கூட்டினாலும் தீராது. பக்கத்துப் பிக்சல்கள் ஒத்திருக்கும் என்று நம்பித்தான் ஜேபெக் 8×8 கட்டத்தைச் சுருக்குகிறது. நீங்கள் கலைத்ததும் அந்த ஒற்றுமை போய், கட்டம் முழுக்க உயர் அதிர்வெண், அதாவது பிக்சலுக்குப் பிக்சல் சட்டென மாறும் நுணுக்கம். அதைத்தான் ஜேபெக் முதலில் வெட்டும். வண்ணத்துக்கு இன்னொரு அடி: நிறத்தைக் குறைத்துச் சேமிக்கும் 4:2:0 முறையில் 2×2 பிக்சலுக்கு ஒரே நிறமதிப்பு. சேலையின் சிவப்பும் இலையின் பச்சையும் கலைப்பில் பக்கத்தில் வந்துவிட்டால் சராசரியாகிக் கலங்கல் பழுப்பாகும். பிரிக்கும்போது அந்தப் பழுப்பு நாலு மூலைக்கும் சிதறும். உங்கள் 'மணல்' அதுதான்.

பிக்சலை விடுங்கள், 16×16 கட்டங்களாகக் கலையுங்கள். 512க்கு 1024 கட்டம் வரும். இடமாற்றத்தோடு ஒவ்வொன்றையும் 90 பாகையின் மடங்குகளில் சுழற்றி, கண்ணாடிபோல் திருப்பி, சிலவற்றை 255−மதிப்பு என்று நெகட்டிவ் ஆக்கலாம். எல்லாமே ஜேபெக்கைத் தாங்கும். நீள அகலம் 16இன் மடங்காக இல்லாவிட்டால் விளிம்புப் பிக்சலையே நீட்டி நிரப்புங்கள். கறுப்பு வைத்தால் எது ஓரக்கட்டம் என்று காட்டிக்கொடுத்துவிடும். தளம் படத்தின் அளவைக் குறைத்தால் எல்லாம் பாழ், அதன் வரம்புக்குள் ஏற்றுங்கள்.

பிரித்தபின் கட்ட ஓரங்களில் மெல்லிய வண்ணக்கோடு தெரியலாம். டிகோடர் (ஜேபெக்கை விரித்துக் காட்டும் நிரல்) பக்கத்துக் கட்டத்தின் நிறத்தையும் சேர்த்து மழுப்புவதால் வருவது. லிப்ஜேபெக் என்ற ஜேபெக் நிரல்தொகுப்பில் அந்த மழுப்பலை அணைத்துவிடலாம். ஆனால் தளம் ஒருமுறை பிரித்து மறுபடி சுருக்கியிருந்தால் கோடு கொஞ்சம் மிஞ்சும்.

சாவிக்கொத்து:
பாதுகாப்பு பற்றி: கேட் மேப்புக்குச் சாவி என்று ஒன்றே இல்லை. 512க்குச் சுழற்சி 384. யார் வேண்டுமானாலும் ஒவ்வொரு சுற்றாக ஓட்டிப் பார்த்தால் 383க்குள் படம் வந்துவிடும். மூலையில் (0,0) பிக்சல் அசைவதே இல்லை. ஹிஸ்டோகிராமும் (எந்த நிறம் எத்தனை பிக்சல் என்ற கணக்கு) அப்படியே.

வேறு இடமாற்றம் வைத்தாலும், எல்லாப் படத்துக்கும் ஒன்றையே வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2,62,144 இடங்கள். எதிராளி தான் தயாரித்த சாம்பல்நிறப் படங்களை உங்கள் நிரலில் கொடுத்துக் கலைக்க முடிந்தால் மூன்றே போதும். ஒரு படம் ஓர் இடத்துக்கு ஒரு பைட் தரும், எனவே மூன்று படத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பைட்டில் தனி எண் எழுதிவிடலாம். இரண்டு பைட்டில் 65,536தான் அடங்கும், அதனால் மூன்று. சாவியிலிருந்து ஊகிக்க முடியாத எண்களைத் தரும் சாச்சா20 கொண்டு ஃபிஷர்–யேட்ஸ் கலைப்பு (சீட்டுக்கட்டைக் குலுக்குவதுபோன்ற முறை) செய்து, படத்துக்குப் படம் நான்ஸை (ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் எண்) மாற்றுங்கள். மொழியோடு வரும் சாதா ரேண்டம் வேண்டாம்.

கட்டக் கலைப்பையும் ஓரங்களை ஒப்பிட்டு ஜிக்சா புதிர்போல் அடுக்கப் பார்ப்பார்கள். சுழற்சியும் நெகட்டிவும் அதைக் கடினமாக்கும், அவ்வளவே. உண்மையில் ரகசியமான படம் என்றால் கலைப்பே வேண்டாம்: கோப்பை ஏஇஎஸ்–ஜிசிஎம் என்ற குறியாக்க முறையில் பூட்டி, பைட்டைத் தொடாத சேமிப்பகத்தில் வையுங்கள்.

பிரேம்ராஜன்:
வீடியோவில் கலைத்துவிட்டுச் சுருக்காதீர்கள். எச்.264 என்ற வீடியோ சுருக்கமுறை முந்தைய பிரேமிலிருந்து நகர்வைக் கணித்துத்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது. பிரேமுக்குப் பிரேம் இடமாற்றம் மாறினால் பிட்ரேட் எகிறும். மாறாமல் வைத்தால் ஒரு பிரேமை உடைத்தவருக்கு எல்லாம் கிடைத்துவிடும். 1990களில் பிரிட்டனின் ஸ்கை சேனல்கள் சந்தாதாரர் அல்லாதவர் பார்க்காதபடி பயன்படுத்திய வீடியோகிரிப்ட் முறை, ஒவ்வொரு வரியையும் 256 இடங்களில் ஒன்றில் வெட்டிச் சுழற்றியது. அடுத்தடுத்த வரிகள் ஒத்திருப்பதால் கணினி நிரல்கள் வரியோடு வரியை ஒட்டிப் பார்த்தே பிரித்தன.

முதலில் சுருக்கி, பிறகு பூட்டுங்கள். வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும் எச்எல்எஸ் முறையில் ஏஇஎஸ்–128 குறியாக்கம் இருக்கிறது. 16 பைட் சாவி. பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான்: சாவியின் முகவரி பிளேலிஸ்ட்டிலேயே (துண்டுகளின் பட்டியல் கோப்பு) எழுதியிருக்கும், அதை யாரும் திறக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். லாகின் குக்கீயோ குறுகிய கால டோக்கனோ இல்லாமல் சர்வர் சாவியைத் தரக்கூடாது. திரையைப் பதிவு செய்பவரை இது தடுக்காது. அதற்கு டிஆர்எம் (கருவியிலேயே நகலெடுப்பைத் தடுக்கும் ஏற்பாடு) வேண்டும், கைபேசியை எதிரே வைத்துப் படம்பிடித்தால் அதுவும் கைவிரிக்கும்.