சாம்பிராணி மரத்தூர்: ஹும்பாங் மலைக் கிராமங்களில் கண்டதைச் சொல்லுங்க (இணைய மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவர் பெயர்)

காட்டுத்தடம்

இந்தோனேசியாவுல, வடக்கு சுமத்ராவோட டோபா ஏரிக்குத் தெற்கே டோலோக் சங்குல் ஊர் வரைக்கும் போய் வந்தவங்க இங்க இருக்கீங்க. அதனால அங்கே வாழுற பட்டாக் மக்கள் யாரு, மலை எவ்வளவு உசரம்னு ஆரம்பத்துல இருந்து சொல்லலை. போலுங் வட்டாரம், பண்டுமாஆன், சிபிதுஹுத்தான்னு ரெண்டு ஊர். ஊருக்கு மேல இருக்கிற காடு முழுக்க ஹமின்ஜோன். நம்ம வீட்டுல வெள்ளிக்கிழமை தணல்ல போடுற சாம்பிராணியோட மரம்.

மனசை விட்டுப் போகாதது ஒரு சத்தம். அறுபதைத் தாண்டின ஒரு பெரியவர் மரத்துல துளை போட்டுட்டு, கருவியைத் திருப்பிப் பிடிச்சு, பிடியால துளையைச் சுத்தி மூணு தட்டு தட்டினார். டொக், டொக், டொக். தலையைச் சாய்ச்சுக் கேட்டார். அடுத்த துளைக்குப் போனார்.

அந்தத் தட்டுதான் வேலையே. முதல்ல மரத்தடிச் செடி கொடியை வெட்டி ஒதுக்கணும். அப்புறம் குரிஸ்ங்கிற சுரண்டியால பட்டை மேல இருக்கிற பாசியையும் செத்த பட்டையையும் வழிச்சு எடுக்கணும். இல்லேன்னா வடியுற பால்ல குப்பை ஒட்டிடும், விலை போச்சு. பிறகு பனுக்துக், உளி மாதிரி கூர்முனையும் கனமான பிடியும் உள்ளது. பட்டையைத் தாண்டி மரக்கட்டையைத் தொடுற வரைக்கும் குத்தி, லேசா நெம்பி, பிடியால சுத்தித் தட்டினா பட்டை கட்டையிலிருந்து கொஞ்சம் விடும். அந்த இடுக்குப் பைதான் பால் சேர்ற இடம். பலமா அடிச்சா பட்டை செத்துப் பால் சுரக்காது. மெல்ல அடிச்சா பையே உருவாகாது. பழைய தழும்புக்குப் பக்கத்துல குத்தினா ரெண்டு காயமும் சேர்ந்து மரம் அந்தப் பக்கமே காய ஆரம்பிக்கும்.

கீழ்ப்பாகம் முடிஞ்சதும் கயித்துல ஏறி மேல்பாகம். துளை போட்டு மூணு நாலு மாசம் கழிச்சு, ஆகாத் கத்தியால பட்டையோட சேர்த்து நெம்பி எடுப்பாங்க. நல்ல மரம்னாலும் வருஷத்துக்குக் கால் கிலோ. அரைக் கிலோவைத் தொட்டா அது பெரிய மரம்.

அவர் பேரன் கீழேயே நின்னுக்கிட்டு இருந்தான், இருபது வயசிருக்கும். பூரா நேரமும் கவனிச்சான், ஏறலை. அந்தக் காடு இன்னும் முப்பது வருஷம் நிக்கும். ஏறுறதுக்கு ஆள்?

சரக்குக்கடை

ஏறுறவன் கதையை மட்டும் சொன்னா பாதிதான் தம்பி. டோலோக் சங்குல்ல ஒரு கொள்முதல்காரர் வீட்டுப் பின்கட்டுல நடக்கிறதைப் பாருங்க. பொம்பளைங்க நாலு பேர் தரையில உட்கார்ந்து பட்டையோட ஒட்டின கட்டியைக் கத்தி முனையால பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு அம்மா ஒரு கட்டியை உடைச்சாங்க. உள்ளே பால்வெள்ளை, ஓரத்துல தேன் நிறம். மூக்குகிட்ட கொண்டு போனா வெனிலா வாசனை. அந்த ஒரு கட்டி அவங்க கையில இருந்து தனிக் கூடைக்குப் போன விதம், தங்கத்தை வைக்கிற மாதிரி.

முதல் எடுப்புல வர்ற பெரிய வெள்ளைக் கட்டியைச் சிடுங்காப்பின்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் அதே காயத்துல வடிஞ்சது ஜூரூர். கடைசியா மிச்சம் ஒட்டியிருக்கிறது தாஹிர். கருத்தும் பட்டைத்தூள் கலந்தும் இருக்கும். இதுக்கு அப்புறம்தான் சல்லடை போட்டு அளவு வாரியாப் பிரிக்கிறது. எடுத்த உடனே மெழுகு மாதிரி இருக்கும். நிழல்ல, காத்தோட்டமா வாரக்கணக்குல பரப்பி வச்சு, விரலால அமுக்கினா நொறுங்குற பதம் வந்த பிறகுதான் மூட்டை கட்டணும். வெயில்ல போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கூழாகும், தரம் ரெண்டு படி இறங்கும். அவசரத்துக்குப் பணம் வேணும்னு ஈரத்தோட விக்கிற வீடுகள்தான் அதிகம் நஷ்டப்படுது.

நம்ம ஊர்ல வாங்குறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், கேட்காட்டியும். பாளமா வர்ற சாம்பிராணியில தூளையும் உடைசலையும் டமார் பிசினோட உருக்கி அழுத்தினதுதான் மிகுதி. டமார்னா நம்ம குங்கிலியத்துக்கு உறவு. பாளத்தை உடைச்சுப் பாருங்க. வெள்ளைப் பருக்கைகள் எவ்வளவு நெருக்கமா இருக்கோ அவ்வளவு அசல். பருக்கையே இல்லாம ஒரே பழுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தா கலப்பு அதிகம். தணல்ல ஒரு துளி போட்டா அசல்ல வெள்ளைப் புகை, இனிப்பு வாசனை, தொண்டையில சின்னக் கரகரப்பு வரும், அது சின்னமிக் அமிலம். டமார்ல எலுமிச்சை, பைன் சாயல் தூக்கும். வாங்கினதைத் தகரக் கூரைக்குக் கீழ வைக்காதீங்க, சித்திரை வெயில்ல ஒரே கட்டியாயிடும். கண்ணாடி ஜாடி, இருட்டு அலமாரி.

மேடான்வாசி

மாகாணத் தலைநகர் மேடான்ல இருந்து இந்த ஊர்களுக்கு ஏழெட்டு மணி நேரப் பயணம். சிலாங்கிட் விமான நிலையம் 2017-ல சர்வதேச நிலையமானதும் ஊரே மாறிடும்னு பேசினாங்க. ஏரிக்கரைக்கு வந்த பயணிகள் இந்தக் காட்டுக்கு வரலை.

பண்டுமாஆன் பக்கம் பார்த்ததுல மறக்காதது காட்டுக்குள்ள இருக்கிற சோப்போ, அதாவது தங்குற குடிசை. பலகைச் சுவர், அடுப்பு, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, அரிசி, கருவாடு. திங்கட்கிழமை உள்ளே போறவங்க வாரக் கடைசியிலதான் வீடு திரும்புவாங்க. போறதுக்கு முன்னாடி இத்தாக் குர்குர், அதாவது அரிசி மாவு, தேங்காய், வெல்லம் சேர்த்துக் கையால பிடிச்ச கொழுக்கட்டை. விரல் பதிவு அப்படியே இருக்கும். அதை மரத்தடியில வச்சுட்டுத்தான் முதல் குத்து. கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து காட்டுக்குள்ள ஓடி மரமாயிட்ட பொண்ணு இது, வடியுறது அவ கண்ணீர்ங்கிறது அங்கே எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதனால காட்டுல கெட்ட வார்த்தை பேச மாட்டாங்க.

சுமத்ராவோட மேற்குக் கரையில பாருஸ் துறைமுகத்துல 1088-ஆம் வருஷத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம ஐந்நூற்றுவர் வணிகர் இந்தச் சாம்பிராணிக்காகத்தான் வந்தாங்க.

கல்வெட்டுவாசகர்

மேடான்வாசி ஐயா, அந்தக் கடைசி வரியைத் திருத்திக்கணும். பாருஸை ஒட்டிய லோபு துவாவில் கிடைத்த அந்தக் கல்வெட்டில் சாம்பிராணி என்ற சொல் கிடையாது. கப்பலில் வருவோர் கஸ்தூரி விலைக்கு ஈடான பொன்னைக் கட்டிய பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் அதில் இருக்கிறது. அதில் உள்ள ஆண்டு சக 1010, அதாவது கி.பி. 1088. பாருஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கற்பூரம், இந்தோனேசிய மொழியில் இன்றும் கற்பூரத்துக்குக் ‘காப்பூர் பாருஸ்’ என்றே பெயர். மலைச் சாம்பிராணியும் அந்தக் கடற்கரை வழியாக இறங்கியது உண்மை. அரபு வணிகர் அதை ‘லுபான் ஜாவி’ என்றார்கள், பென்சாயின் என்ற சொல் அதிலிருந்து வந்தது. கல்வெட்டில் இல்லாததை அதன் மேல் ஏற்ற வேண்டாம்.

ஏற்காடு_காப்பி

சாம்பிராணியைப் பத்தியே பேசுறீங்க. அந்த ஊர்க்காரங்க மாச செலவு காப்பியிலதான் ஓடுது. லிண்டோங் பக்கம் வீட்டு வாசல்ல தார்ப்பாய் விரிச்சு ஈரக் காப்பிப் பருப்பைக் காய வச்சிருந்தாங்க. மழை ரெண்டு துளி விழுந்ததும் ஒரு சின்னப் பொண்ணு ஓடி வந்து நாலு மூலையையும் ஒரே மடிப்பா மடிச்ச வேகம், அதுதான் கண்ணுல நிக்குது.

அங்கே நடுற ரகத்துக்குப் பேரே ‘சிகாரார் உத்தாங்’. கடனை அடைக்கிறதுன்னு அர்த்தம். குட்டையா வளர்ந்து ரெண்டு மூணு வருஷத்துல காய்க்கும். சாம்பிராணி மரம் முதல் குத்துக்கே எட்டு, பத்து வருஷம் காக்க வைக்கும். அதனால இளைஞர்கள் காப்பிக்குப் போறதுல தப்பே இல்லை.

பதப்படுத்துறது நம்ம முறை இல்லை. பழத்தை அன்னைக்கே கையால சுத்துற மெஷின்ல தோல் உரிச்சு, ராத்திரி புளிக்க விட்டு, காலையில கழுவி, அரைகுறையா உலர்த்தி, லிட்டர் கணக்குல சந்தையில வித்துடுவாங்க. வாங்கினவர் முப்பது, முப்பத்தஞ்சு சதவீத ஈரத்துலேயே பருப்பு மேல மூடியிருக்கிற ஓட்டை உரிச்சு, அப்புறம்தான் பன்னிரண்டு, பதிமூணு சதவீதத்துக்குக் கொண்டு வருவார். கீலிங் பாசாஹ்னு பேர். எப்பவும் மேகம் மூடின மலையில முழுசாக் காய வைக்க வழி இல்லாததால வந்த முறை. பருப்பு நீலப்பச்சையா இருக்கும். ஈரத்துல மெத்துனு இருக்கிறதால மெஷின்ல நசுங்கி முனை பிளக்கும். அரை உலர்வுல சாக்குல ரெண்டு நாள் கிடந்தா பூஞ்சை வாடை ஏறிடும்.

அவங்களுக்குச் சொல்ல வேண்டியது காப்பிக் காயைத் துளைக்கிற காய்த்துளைப்பான் வண்டு பத்தி. அறுவடை முடிஞ்சதும் செடியில ஒரு காய் விடக்கூடாது, உதிர்ந்த பழத்தையும் பொறுக்கணும். அடியில பாய் விரிச்சுப் பறிச்சா பொறுக்குற வேலை பாதி குறையும். துளை விழுந்ததைக் கொதிநீர்ல சில நிமிஷம் போட்டு எடுத்தா உள்ளே இருக்கிற வண்டு செத்துடும். சிவப்பு பாட்டில்ல மெத்தனால், எத்தனால் கலந்து தொங்கவிடுற பொறி உதவும், ஆனா பொறியை மட்டும் நம்பினா தோட்டம் போயிடும். நிழலுக்கு மரம் வைங்க, ஆனா இருட்டடிக்க விடாதீங்க, ஈரம் தேங்கினா வண்டு பெருகும். பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து செய்யலைன்னா ஒருத்தர் செய்யுறது வீண்.

வரைபடம்

காப்பியா சாம்பிராணியா என்பதற்கு முன்னால், மண் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. ஊர் வீட்டுத் திண்ணையில் விரித்திருந்த ஒரு தாளைச் சொல்கிறேன். எல்லை நடந்து பதிந்த வரைபடம். ஓடை வளைவு, பழைய கல்லறை, நூறு வயதுச் சாம்பிராணி மரம் என ஒவ்வொரு புள்ளிக்கும் கையால் எழுதிய பெயர். ஓரத்தில் அக்கம்பக்கத்து ஊர்ப் பெரியவர்களின் கையெழுத்து. ஒரு மூலையில் மட்டும் ரப்பரால் மூன்று முறை அழித்துத் தாள் மெலிந்திருந்தது.

2009-இல் காகிதக் கூழ் நிறுவனம் ஒன்றின் குத்தகை எல்லைக்குள் விழுந்த ஹமின்ஜோன் மரங்கள் வெட்டப்பட்டு, தைலமரம் நடும் வேலை தொடங்கியது. ஊர் எதிர்த்தது. 2013 பிப்ரவரியில் ஊர்க்காரர்கள் கூட்டமாகக் கைதானார்கள். அதே ஆண்டு மே 16-இல் அரசியல் சாசன நீதிமன்றம் 1999-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் ஒரு வரியிலிருந்து ‘அரசு’ என்ற சொல்லை நீக்கியது. அதோடு, மரபுக் காடு, அதாவது ஊர்ச் சமூகம் பரம்பரையாக ஆண்டு வரும் காடு, என்பது அரசுக் காட்டின் ஒரு பகுதி என்ற நிலை போயிற்று. 2016 டிசம்பர் 30-இல் ஜகார்த்தாவில் ஒன்பது சமூகங்களின் மரபுக் காட்டு உரிமைக்கு அங்கீகாரம் வழங்கப்பட்டது. இந்த இரண்டு ஊர்களுக்காகக் குத்தகையிலிருந்து விலக்கப்பட்டது 5,172 ஹெக்டேர்.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விலக்குவது வேறு, மரபுக் காடாக அறிவிப்பது வேறு. நடுவில் மாவட்ட அளவில் சட்டம் வேண்டும், எல்லை சரிபார்ப்பு வேண்டும். 2020-இல் அதே வட்டாரத்தில் உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டுக்கான அரசின் பெரும் உணவுப் பண்ணைத் திட்டம் வந்தது. 2022-இல் மரபுக் காடு ஆணை கைக்கு வந்தபோது அதில் இருந்தது பாதிக்கும் குறைவான பரப்பு.

ஏற்காடு ஐயா, காப்பி நட்டால் கடன் அடையும் என்பது சரி. ஆனால் சாம்பிராணித் தோட்டம் என்பது காட்டை அழித்து நடுவதல்ல. காட்டு மர நிழலில் கன்றை ஊன்றி, போட்டி மரங்களை ஒவ்வொன்றாகப் பட்டை சீவி ஒதுக்கி, மெல்ல வளர்ப்பது. கைவிட்டால் அதுவே திரும்பக் காடாகிவிடும். ஊருக்குக் கேடு அதில்தான் இருக்கிறது. குத்திய தழும்பு புதிதாக இல்லாத, மரத்தடிச் செடி வெட்டாத தோட்டத்தை ஆய்வுக்கு வருகிறவர் ‘ஆளில்லாக் காடு’ என்று குறித்துக்கொள்கிறார். ஏறாமல் விட்ட ஒவ்வொரு வருஷமும் உரிமைச் சான்று ஒன்று குறைகிறது. குறைந்தது எல்லை ஓர மரங்களையாவது ஆண்டுதோறும் குத்த வேண்டும், தழும்பைத் தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும், தோட்டத்துக்குத் தோட்டம் உரிமையாளர் பெயர்ப் பட்டியல் ஊர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

மேடான்வாசி

கல்வெட்டு விஷயத்தை ஏத்துக்கறேன், திருத்தினதுக்கு நன்றி ஐயா.

வரைபடம் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கணும். 2015-ல இருந்து ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரடியா வர்ற கிராம நிதி பெரும்பாலும் கான்கிரீட் பாதையாத்தான் மாறுது. பாதை வந்தது நல்லதுதான், மூட்டையை மோட்டார் பைக்ல இறக்கலாம். ஆனா அதே பாதையிலதான் மேல்நிலைப் பள்ளிக்கு டோலோக் சங்குலுக்குப் போற பிள்ளைங்க அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்து மேடான், பாத்தாம், ஜகார்த்தான்னு போயிடறாங்க. பட்டாக் வீட்டுல பிள்ளையைப் படிக்க வைக்கிறதை விடப் பெரிய கடமை இல்லை. சாம்பிராணிக் காசுலதான் அந்தப் படிப்பு. தாத்தாவே ஏற வேண்டாம்னுதான் சொல்றார்.

காட்டுத்தடம்

கயிறு எதுலன்னு தனிச்செய்தியில ரெண்டு பேர் கேட்டீங்க. ஈஜூக், சர்க்கரைப் பனையோட கருநார். மழையில அழுகாது. நைலான் வழுக்கும், ஈரப்பட்டையில பிடிக்காது. கயித்தை மரத்தைச் சுத்திக் கட்டி, நடுவுல ஒரு கட்டையைச் செருகினா கால் வைக்கிற படி. அதுல நின்னு குத்தி முடிச்சுட்டு, அடுத்த கயித்தை மேல கட்டிட்டுத்தான் கீழதை அவிழ்க்கணும். முதல் நாள் மழை பெஞ்சிருந்தா அன்னைக்கு மேல் வேலை கிடையாது.

கன்று பத்தியும் ஒண்ணு. விதையைச் சேர்த்து வச்சா முளைக்காது, சீக்கிரம் உயிர் போயிடும். தாய்மரத்தடியில தானா முளைச்சதைப் பிடுங்கி நடுறதுதான் நடப்பு. சாம்பிராணி மரத்துல டோபா வகைக்கு விலை அதிகம், ஆனா வளர்ச்சி மெதுவு. டுராமே வகை சீக்கிரம் பலன் தரும், கட்டிக்கு மதிப்பு கம்மி. மறுநடவு செய்யறவங்க இதுல எதுன்னு தீர்மானிக்கிறதுலயே பத்து வருஷக் கணக்கு இருக்கு.

அந்தப் பேரனைப் பத்தி முழுசாச் சொல்லாம விட்டுட்டேன். தாத்தா மேல இருந்தப்ப, அவன் பக்கத்து மரத்துல அடிப்பாகத்தைச் சுரண்டி, மிச்சம் இருந்த பனுக்துக்கை எடுத்து ஏழு துளை போட்டான். பெரியவர் இறங்கி வந்து ஒவ்வொண்ணையும் விரலால தொட்டுப் பார்த்தார். ரெண்டுல பட்டை நசுங்கியிருந்தது, அடி பலம். மீதி அஞ்சுல ஒண்ணும் சொல்லலை. அதுல பால் கட்டியிருக்கான்னு அக்டோபர்லதான் தெரியும்.