டயாலிசிஸ் நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி பூஸ்டர்: நெல்லையில் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு பாளையங்கோட்டையில் டயாலிசிஸ் நடக்கிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுவதும் போட்டாச்சு. டயாலிசிஸ் என்பதால் ஒவ்வொரு தடவையும் இரட்டை அளவு, 40 மைக்ரோகிராம். அப்போது ஆன்டி ஹெச்பிஎஸ் (ரத்தத்தில் இந்த நோய்க்கு எதிரான எதிர்ப்புச் சக்தி) அளவு நன்றாகவே இருந்தது. இந்த வருஷ ரிப்போர்ட்டில் 10-க்குக் கீழே இறங்கிவிட்டது. பூஸ்டர் போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அப்பாவோ, "அதான் எல்லா ஊசியும் போட்டாச்சுல்லா, இன்னும் எதுக்குல?" என்கிறார். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அளவு குறைந்தாலும் எதிர்ப்புச் சக்தியின் ஞாபகம் காப்பாற்றும், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அதை நம்பி இருக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். இதே நிலையில் பூஸ்டர் போட்டவர்கள் யாராவது இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள், அவரிடம் வாசித்துக் காட்டுகிறேன்.

அப்புறம், வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் 40 மைக்ரோகிராமுக்கு மருந்து எங்கே கிடைக்கும்? 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, உறையவும் கூடாது. இந்த வெயிலில் பஸ்ஸில் கொண்டுவரப் பயமாக இருக்கிறது. அங்கேயே ஊசியும் போட்டுவிடும் இடமாக இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும். ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி அளவு பார்க்கணும். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் போடாமல் எண்ணாகவே தரும் லேப் எது?