கோர்சிகா கோப்பைப் படித்தால் பாதியில் குப்பை வருகிறது – அவசரம்

கோத்தகிரி மாணவி: ஊட்டியின் காஸ்மிக் கதிர் ஆய்வகமான கிரேப்ஸ்-3 இருக்கும் 2200 மீட்டர் உயரத்துக்கு 100 டெரா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் பொழிவு ஒன்றை (ஒரு புரோட்டான் காற்றில் மோதிக் கிளப்பும் துகள் மழை) அதைக் கணினியில் போலச் செய்யும் கோர்சிகா நிரலில் உருவாக்கினேன். கோப்பைப் படித்தால் தொடக்கம் சரி, பிறகு எல்லாம் குப்பை. திங்களன்று காட்டியாக வேண்டும். உதவுங்கள்.

ஃபோர்ட்ரான் தாத்தா: எந்த மொழியில் படிக்கிறீர்கள்? எந்தக் கம்பைலர்? குப்பை என்றால் என்ன குப்பை? கையேட்டைத் திறந்தாவது பார்த்தீர்களா?

குன்னூர் குமரன்: நேற்று இடியில் மின்சாரம் போயிருக்கும். கோப்பு பாதியில் அறுந்துவிட்டது.

லவ்டேல்: உயரத்தைச் சென்டிமீட்டரில் தர வேண்டும். 2200 என்று போட்டால் 22 மீட்டர்தான். இதுதான் கோளாறு, எழுதித் தருகிறேன்.

கோத்தகிரி மாணவி: 220000 என்றுதான் கொடுத்தேன் அண்ணா. மின்சாரம் போகவில்லை. கோர்சிகா ஃபோர்ட்ரான் மொழி நிரல், அதற்குக் கம்பைலர் ஜிஃபோர்ட்ரான்; கோப்பைப் படிப்பது சி++. முதல் 4 பைட்டைத் தாண்டினால்தான் தலைப்பு சரியாக வருகிறது, அதனால் தாண்டிவிட்டு 273 எண்களாகப் படிக்கிறேன். நடுவில் 3.213 × 10⁻⁴¹ அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. அதன் பின் துகள் குறியீடு −4127.6. மைனஸில் ஏது துகள்?

தொட்டபெட்டா: தின்னிங் (பல துகள்களுக்குப் பதில் ஒன்றை மட்டும் எடைபோட்டு வைப்பது) போட்டீர்களா? போட்டிருந்தால் 273 இல்லை, 312. கோப்பின் அளவு?

கோத்தகிரி மாணவி: போடவில்லை. 45,88,000 பைட்.

ஃபோர்ட்ரான் தாத்தா: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? அந்த 10⁻⁴¹ஐ முழு எண்ணாகப் படியுங்கள்: 22932. அதாவது 273 × 21 × 4. ஃபோர்ட்ரான் ஒவ்வொரு பதிவின் முன்னும் பின்னும் அதன் நீளத்தை நான்கு நான்கு பைட்டில் எழுதும். 273 எண்கள் ஒரு கட்டம், 21 கட்டங்கள் ஒரு பதிவு, ஓர் எண்ணுக்கு 4 பைட். அதனால் 21 கட்டங்களுக்கு ஒருமுறை எட்டு பைட் தாண்டுங்கள். ஒரு பதிவு 22932 + 8 = 22940 பைட்; 22940 × 200 = 45,88,000. கோப்பு முழுசாகத்தான் இருக்கிறது, குமரன்.

குன்னூர் குமரன்: இன்னுமா ஃபோர்ட்ரான்? கோர்சிகா 8ஐச் சி++இல்தானே எழுதுகிறார்கள்!

ஃபோர்ட்ரான் தாத்தா: 1989 முதல் ஓடும் நிரல் ஐயா இது. உங்கள் நிரல் எதுவாவது அடுத்த தீபாவளி வரை ஓடுமா?

லவ்டேல்: இடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டி மேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததை இதே கிரேப்ஸ்-3தான் பொழிவில் வரும் மியூவான் துகள்களை வைத்துக் கணக்கிட்டது.

தொட்டபெட்டா: அதற்கும் இந்தக் கோப்புக்கும் என்ன சம்பந்தம்?

கோத்தகிரி மாணவி: எட்டு பைட் தாண்டினேன், வந்துவிட்டது. நன்றி ஐயா.

தொட்டபெட்டா: திருத்திய நிரலை இங்கே போடுங்களேன், அடுத்து வருபவருக்கு உதவும்.

குன்னூர் குமரன்: தாத்தா, என் நிரல் மூன்று தீபாவளி பார்த்துவிட்டது.