புதுப்பிப்பு: ஜெனரேட்டரில் மின்சார கார் சார்ஜ் ஆகிறது

மின்தடையின்போது 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரில் செருகினால், காரோடு வந்த 15 ஆம்பியர் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. இப்போது சார்ஜ் ஆகிறது.

தரையில் எர்த் கம்பி அடித்தது மட்டும் போதவில்லை. "நியூட்ரல் மிதக்கிறது, அதைப் பாருங்கள்" என்றவரின் யோசனைதான் பலித்தது. அதாவது, சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பி வரும் கம்பி) இரும்புச் சட்டத்துக்கும் இணைப்பே இருக்காது. எர்த்தைச் சோதித்த பிறகே மின்சாரத்தை விடும் சார்ஜருக்கு அது பழுதாகத் தெரிகிறது. எலக்ட்ரீஷியன் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்த தனி பிளக் ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில் செருகினார். பச்சை விளக்கு வந்துவிட்டது. ஜெனரேட்டர் வீட்டு வயரிங்குடன் இணைந்திருக்கும்போது இந்தப் பிளக் கூடவே கூடாது. நீங்களே செய்து பார்க்கவும் வேண்டாம்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. ஜெனரேட்டரின் எரிபொருள் சிக்கன சுவிட்சைப் போட்டிருந்தால், சுமை ஏறும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து சார்ஜர் மறுபடி நின்றுவிடுகிறது. அதை அணைத்தே வைக்கிறேன்.

செலவு? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும். அதற்குப் பெட்ரோல் காரே போதும்! புயல் நாள் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஜெனரேட்டரைத் திறந்தவெளியில் வைத்து.