இன்ஜின் மிஸ்ஸிங், செக் இன்ஜின் லைட் சிமிட்டுகிறது: நாலு காயிலையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (மன்னார்குடி பக்கம்)
வணக்கம். 2013 மாடல் பெட்ரோல் கார். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி காயில் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தருவது). குறுவை அறுப்பு முடிந்த சமயத்திலிருந்து ஐடிலில் வண்டி நடுங்குகிறது. மூன்றாவது கியரில் மிதித்தால் இழுவை இல்லை, விக்கி விக்கிப் போகிறது. திடீரென்று தானாகவே சரியாகிவிடும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும் குலுக்கலில் மறுபடி ஆரம்பிக்கும். அப்போது செக் இன்ஜின் லைட் சிமிட்டுகிறது, பிறகு நிலையாக எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாலு காயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். கையில் ஸ்பேனர் செட்டும் மல்டிமீட்டரும் உண்டு. வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்?

பதில் (கும்பகோணம்)
இன்ஜின் ஓடும்போதே காயிலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள் தம்பி. எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அம்பாசிடர் காலத்திலிருந்து இப்படித்தான் பார்க்கிறோம்.

பதில் (தஞ்சாவூர்)
அண்ணே, அம்பாசிடருக்கு அது சரி. இந்த வண்டிக்கு வேண்டாம். காயிலில் பல ஆயிரம் வோல்ட் வரும். அதோடு, தீப்பொறி இல்லாத சிலிண்டருக்கும் பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கும். அது எரியாமல் வெளியேறி சைலன்சர் பைப்பில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதைக் கெடுத்துவிடும். லைட் சிமிட்டுவதே அந்த ஆபத்துக்கான எச்சரிக்கைதான். சிமிட்டும்போது வண்டியை ஓட்டாதீர்கள்.

கேட்டவருக்கு: வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணை (கோட்) படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகும் இடம் இருக்கும். பி 0301 முதல் பி 0304 வரை ஏதாவது வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி 0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாது. வேக்குவம் லீக் (ஓட்டை வழியாக இன்ஜினுக்குள் போகும் காற்று), பெட்ரோல் பிரஷர், பெட்ரோலில் தண்ணீர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

ஒரே சிலிண்டர் என்றால் செலவே இல்லை. அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டரில் மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு ஓடவிடுங்கள். கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்தால் காயில் போய்விட்டது. நகராவிட்டால் பிளக்கையும் அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். திரும்பப் போடும்போது முதல் சில சுற்று கையாலேயே திருகுங்கள்.

இன்னொன்று: சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கிறதா?

பதில் (நாகப்பட்டினம்)
பிளக் குழியில் தண்ணீரோ ஆயிலோ நிற்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் என்றால் மழை அல்லது வாட்டர் சர்வீஸ், ஆயில் என்றால் வால்வ் கவர் சீல். எங்கள் ஊர் உப்புக்காற்றில் எர்த் வயர் முனை பச்சை பூத்து இதே மாதிரி விக்கும். உங்கள் பக்கம் அது குறைவு.

கேட்டவர்
பி 0302. காயிலை மூன்றாவதோடு மாற்றினேன், கோட் எண் மாறவில்லை. பிளக்கையும் மாற்றினேன், அப்போதும் 0302தான். குழி காய்ந்து சுத்தமாக இருக்கிறது. பெட்ரோல் வாடை துளிகூட இல்லை. கழற்றிய இரண்டாவது பிளக்கின் முனையும் ஈரமே இல்லாமல் இருந்தது.

பதில் (தஞ்சாவூர்)
அப்படியென்றால் விஷயம் பாதி முடிந்தது. தீப்பொறி வராத சிலிண்டரின் பிளக் பெட்ரோலில் நனைந்து வரும், வாடையும் தூக்கும். உங்களுக்கு அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலே சரியாகப் போகவில்லை என்று நினைக்கிறேன். காயில்காரர்களை மறந்துவிடுங்கள்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை, சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் சட்டை முனை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றிலும் டிக் டிக் என்று சீராக வரும். இரண்டாவதில் விட்டு விட்டு வந்தால், இன்ஜினை அணைத்து, கனெக்டரைக் கழற்றி ஓம் பாருங்கள். இந்த வகை இன்ஜெக்டர் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் காட்டும். நாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் இன்ஜெக்டருக்கு உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் பிழைத்தது. பிறகு வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். குலுக்கினால் வருகிறது, தானாகப் போகிறது என்றீர்களே, எனக்கு வயர் மேல்தான் சந்தேகம். குறுவை அறுத்தாயிற்று, வயலில் தீனி இல்லாத எலி எங்கே போகும்? வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்?

கேட்டவர்
வைக்கோல் போருக்குப் பக்கத்தில்தான் அண்ணே!

எலியேதான். இன்ஜெக்டர் நாலும் 13 ஓம் பக்கம் இருந்தது. இரண்டாவது கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஹார்னெஸ் (வயர் கட்டு) உறைக்குள் வயர் கடிபட்டு ஒரே ஒரு இழையில் தொங்கியது. மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உறைக்குள் நெல் உமியும் கொஞ்சம் பஞ்சும் கிடந்தன. முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

பதில் (தஞ்சாவூர்)
போதாது. இன்ஜின் சூட்டில் டேப் பசை உருகி அவிழ்ந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கடிபட்ட துண்டை வெட்டி, அதே தடிமன் வயரைச் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். பற்றவைக்கும் முன்பே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடுபட்டால் சுருங்கி இறுகும் உறை) வயரில் கோத்துவிட வேண்டும், அப்புறம் உள்ளே போகாது. பக்கத்து வயர்களையும் பாருங்கள், எலி ஒன்றோடு நிறுத்தாது. வயர் முழுதாக அறுந்திருந்தால் பல வண்டிகளில் பி 0202 என்று இரண்டாவது இன்ஜெக்டரின் மின்இணைப்புக் கோளாறை நேராகவே காட்டியிருக்கும். அந்த ஒற்றை இழைதான் எல்லோரையும் சுற்றவிட்டது.

கேட்டவர்
பற்றவைத்துவிட்டேன். கோட் எண்ணை அழித்து, வேண்டுமென்றே நீடாமங்கலம் கேட் வழியாகவே போய் வந்தேன். விக்கல் இல்லை, லைட்டும் வரவில்லை. அப்பா தஞ்சாவூர்க் கிட்டி (எலி பிடிக்கும் மூங்கில் பொறி) ஒன்றைத் தேடி எடுத்து வந்திருக்கிறார், பானெட்டுக்குள் வைக்கலாமா என்கிறார்.

பதில் (கும்பகோணம்)
பானெட்டுக்குள் வேண்டாம் தம்பி, நாளைக்கு ஆயில் பார்க்கக் கை விடுவது நீங்கள்தான். போருக்கு அடியில் எலித் தடம் தெரியும், அதில் வைக்கச் சொல்லுங்கள். வண்டியைப் போரை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், சூடான சைலன்சருக்குக் கீழே வைக்கோல் கிடப்பது எலியைவிட மோசம்.