ரீகால்சிட்ரன்ட் விதை: ‘முரட்டு விதை’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

உலர்த்தினால் மடிந்துவிடும் விதையை ஆங்கிலத்தில் ரீகால்சிட்ரன்ட் (recalcitrant) விதை என்பர். அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள ‘முரட்டு விதை’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. குதிகாலால் உதைத்தல் என்னும் பொருள்கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்த அந்த ஆங்கிலச் சொல்லையும் உலர்த்திச் சேமிக்கத்தக்க விதையைக் குறிக்கும் அதன் எதிர்ச்சொல்லான ஆர்த்தடாக்ஸ் (orthodox) என்பதையும் விதை ஆய்வாளர் ராபர்ட்ஸ் 1973இல் விதைச் சேமிப்பியலுக்குக் கொண்டுவந்தார். சேமிப்பவரின் எரிச்சல்தான் அதில் பெயராகியிருக்கிறது. விதையின் இயல்பு அதில் இல்லை.

அந்த இயல்பை நாவல் விதையில் நேரிலேயே பார்க்கலாம். சதை நீக்கிக் கழுவிய விதைகளைச் சாக்கில் பரப்பி நிழலில் சில நாள் விட்டபோது, மேல்தோல் கழன்று, உள்ளே பருப்பு சுருங்கிக் குலுக்கினால் ஒலிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அவற்றை விதைத்தேன், மண்ணுக்குள்ளேயே அழுகின. தேக்கு, வேலம் போன்றவற்றின் விதைகளோ மரத்திலேயே முதிர்ந்து உலரும்போது சர்க்கரைகளையும் காப்புப் புரதங்களையும் சேர்த்துக்கொண்டு, செல்லின் இயக்கத்தை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. நாவல், சால், பலா விதைகள் இயக்கத்தை நிறுத்தாமலேயே உதிர்கின்றன. ஈரப்பதம் சுமார் 20 முதல் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் செல்சவ்வுகள் சிதைந்து அவை மடிகின்றன. தேக்கு போன்ற ஆர்த்தடாக்ஸ் வகையில், 5 முதல் 14 விழுக்காடு வரையுள்ள எல்லைக்குள் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையும்தோறும் வாழ்நாள் இருமடங்காகும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டனின் விதி. ஒன்றை வாழவைக்கும் உலர்த்தலே மற்றதைக் கொல்லும் என்பதால், பெயரைப் படித்தவுடன் உலர்த்தலாமா கூடாதா என்பது தெரிந்தாக வேண்டும்.

ஆர்த்தடாக்ஸ் விதைக்கு ‘உலர்வுதாங்கி விதை’ என்பது என் பரிந்துரை. இடிதாங்கி, சுமைதாங்கி என்று நம் நாவில் பழகிய அமைப்புதான் இது. ஆர்த்தடாக்ஸ் என்பதன் சமயப் பொருளை அப்படியே எடுத்து ‘வைதீக விதை’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், பொறுத்தருள்க. மற்றதற்கு ‘உலர்வுதாங்கா விதை’ என்பதே இயல்பான எதிர்ச்சொல், இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் விதைப்பையின் சீட்டில் ஓர் உயிர்க்குறி மாறினால் பை முழுதும் வெயிலுக்குப் போய்விடும். ஆகவே நீர்வாழ், நிலவாழ் என்பவற்றின் வழியில் ‘ஈரவாழ் விதை’ எனலாம். ஈரநிலத் தாவரத்தின் விதை என்று மயங்க இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரையறையின் முதல் வரியிலேயே அதைத் தீர்த்துவிடலாம்.

ரீகால்சிட்ரன்ட் விதைக்கு ‘உறங்கா விதை’ என்ற மாற்றும் எனக்கு உடன்பாடில்லை. விதையுறக்கம், அதாவது ஏற்ற சூழல் இருந்தும் முளைக்காமல் இருத்தல், வேறு; உலர்வைத் தாங்குதல் வேறு. உறக்கமே இல்லாத உலர்வுதாங்கி விதைகள் பல உண்டு.

எல்லிஸ், ஹாங், ராபர்ட்ஸ் மூவரும் 1990இல் காப்பி விதையை ஆராய்ந்து பிரித்த மூன்றாம் வகைக்கு ‘இடைநிலை விதை’ போதும். ஓரளவு உலர்வைத் தாங்கினாலும், உலர்ந்தபின் கடுங்குளிரில் வைத்தால் அது கெடுகிறது என்பதால், உலர்வை மட்டும் சொல்லும் பெயர் அதற்குப் பொருந்தாது.