கைகளில் நிற்பதற்கு முன் அடிப்படை எவ்வளவு தேவை?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். ஆறு மாதமாகத் தலைகீழாகக் கைகளில் நிற்கப் பழகுகிறேன். சுவருக்கு முதுகைக் காட்டி உதைத்து ஏறினால் 40 விநாடி நிற்கிறேன், ஆனால் சுவரை விட்டால் இடுப்பு வளைந்து உடனே விழுந்துவிடுகிறேன். அதற்குள் அவசரப்பட்டு அந்த நிலையிலேயே தண்டால் எடுக்கப் பார்த்ததில் மணிக்கட்டு வலி. தசை சீக்கிரம் பலமாகிவிடும், தசைநாண்களுக்குத்தான் கூடுதல் காலம் பிடிக்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

வலி போய்விட்டது. இப்போது முதலிலிருந்து தொடங்குகிறேன். மல்லாந்து படுத்து, கீழ்முதுகு தரையை விட்டு எழாமல் கை கால்களைத் தூக்கிப் பிடிக்கிறேன். நெஞ்சு சுவரைப் பார்க்க நின்றும் பழகுகிறேன், இதில் முதுகு வளைந்தால் உடனே தெரிந்துவிடுகிறது.

சரி, இவற்றில் எத்தனை விநாடி தடுமாறாமல் நின்ற பிறகு நீங்கள் சுவரை விட்டீர்கள்? மணிக்கட்டுக்குத் தினமும் என்ன பயிற்சி செய்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.